வெளிர்பச்சை

பங்குனிக்குள் வரைபடம் முடிய வேணும் என்றார் பணிப்பாளர்.
தவிர்த்திருக்கக்கூடிய இறப்புகள், பிரிவு பிரிவாக,
எழுபத்தைந்து வயதுக்குக் கீழே.
கூடினால் சிவப்பு, குறைந்தால் பச்சை.
நிறத்தைக் கணினியே போட்டுக்கொள்ளும்.
எண்களைத் தட்டுவது மட்டும் என் வேலை.

யாழ்ப்பாணம் கடும் சிவப்பாய் வந்தது.
பெரியாஸ்பத்திரி அங்கேதான்.
நெடுந்தீவு வெளிர்பச்சை,
வெற்றிலைக் கொழுந்தின் நிறம்.
மாரடைப்பு பூச்சியம்.
பிரசவம் பூச்சியம்.
பாம்புக்கடியும் பூச்சியம்.
"மீனும் ஒடியற்கூழும் குடிக்கிற சனம்,
அதுகள் ஏன் சாகுது?"
பக்கத்து மேசை இராசகோன் சிரித்தார்.

நானும் சிரித்திருப்பேன்,
சூசைமுத்து றெஜினோல்ட்டின் கோப்பு
அன்று என் கையில் இல்லாமல் இருந்திருந்தால்.

வயது நாற்பத்தாறு. வெளியிணைப்பு இயந்திரம் திருத்துபவர்.
இரவு ஒன்பதரைக்கு நெஞ்சு நோ.
பத்துக்கு ஆஸ்பத்திரி.
டொக்டர் தை மாதம் மாற்றலாகிப் போனவர்,
பதிலுக்கு ஆள் வரவில்லை.
தாதி அஸ்பிரின் கொடுத்துச் சப்பச் சொன்னா.
கட்டி கரைக்கிற ஊசி குளிர்ப்பெட்டியில் இருந்தது,
போடு என்று சொல்ல ஒருவரும் இல்லை.
ரெலிபோன் பதினொன்றுக்குக் கிடைத்தது.
கடற்படைப் படகு பன்னிரண்டே காலுக்கு.
அலை பெரிசு, என்று ஓரத்தில்
வேறொரு பேனையால் எழுதியிருக்கிறது.

'நயினாதீவு வெளிச்சம் தெரியேக்கை
கையை விட்டிட்டார்.'
இது மனைவியின் வாக்குமூலம்.

கரையில் அம்புலன்ஸ் நின்றது.
அதுவும் ஓடியது, வெறும் உடலோடு, சைரனைப் போட்டுக்கொண்டு.
பெரியாஸ்பத்திரி எழுதியது:
கொண்டுவரும்போதே இறந்திருந்தார்.
இடம்: யாழ்ப்பாணம்.

அதே கிழமை திருநெல்வேலியில்
என் அத்தானுக்கும் அடைத்தது.
ஓட்டோவில் ஏற்றினோம்.
பரமேஸ்வராச் சந்தியில் ஒரு மாடு மறித்தது.
மாட்டையும் சேர்த்துப் பதினாலு நிமிஷம்.
இப்போது உப்பில்லாத சொதிக்காக
அக்காவோடு ஒவ்வொரு மத்தியானமும் சண்டை.
பிழைத்தவரைப் போட
என் அட்டவணையில் நிரல் இல்லை.

சாட்சிப்பத்திரப் பிரதி எடுக்க
றெஜினோல்ட்டின் மனைவி வந்தா. மெற்றில்டா.
இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ என்றேன்.
"இல்லைத் தங்கச்சி, வள்ளம் போயிடும்."
போகத் திரும்பியவ சுவரைப் பார்த்தா.
"இது எங்கட ஊரோ?
பச்சையாக் கிடக்கு."
கேள்வியா, சந்தோஷமா,
எனக்குப் பிடிபடவில்லை.

அன்று பின்னேரம் பழைய கோப்புகளை இறக்கினேன்.
இறந்த இடத்தை விட்டுவிட்டு
வாழ்ந்த இடத்தைத் தட்டினேன்.
நெடுந்தீவுக்கு ஐந்து வருஷத்தில் ஒன்பது பேர்.
அனலைதீவுக்கு நாலு.
எழுவைதீவில் ஒரு பிள்ளைப்பெறு, தாயும் பிள்ளையும்.
தட்டத் தட்டத் தீவுகள் சிவந்தன,
பெரியாஸ்பத்திரி கொஞ்சம் வெளிறியது.

பணிப்பாளர் கெட்டவரில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"சனத்தொகை குறைவு, பிள்ளை.
ஒண்டு ரெண்டு செத்தாலே சிவப்பாயிடும்.
புள்ளிவிபரத்துக்கு அது சரிவராது."
"ஒண்டு ரெண்டு இல்லை, சேர்" என்றேன்.
வெளியே ஆரோ மோட்டார்சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள்,
ஸ்ராட் வரவில்லை.
"சரி, ஒரு உடுக்குறியைப் போட்டு
கீழே சின்னனா எழுதிவிடும்."

நெடுந்தீவு பச்சையாகவே அச்சுக்குப் போனது.

உடுக்குறியை எங்கே வைப்பது?
ஊருக்கு மேலே வைத்தால் ஊரில் இறந்ததாகும்.
குறிகட்டுவானில் வைத்தால் கரை வந்து சேர்ந்ததாகும்.
மெற்றில்டா சொன்ன வெளிச்சத்தைக் கணக்குப் பார்த்து
நீலத்துக்குள்ளே வைத்தேன்.

அச்சில் அது
மை சிந்தியது போலத் தெரிகிறது.
இராசகோன் விரலால் சுரண்டிப் பார்த்தார்.